ரயிலுக்கு முடிஞ்ச காசு

இந்தப் போனுல டவரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி. இருக்கா? நல்லா இருக்கா? அப்ப ஏன் கூப்பிட மாட்டேங்கிறான்?

நீ டவுனு வரைக்கும் வர்றியா? நல்லதாப் போச்சு. போனு அடிச்சா நீயே எடுத்துக் குடு. எனக்குக் கை நடுங்குது. பச்சையத் தேய்க்கிறதுக்குப் பதிலா செவப்பத் தேச்சுப்புடுறேன். பஸ்ஸுக்கு நிக்கும்போது அப்படித்தான் ஒருக்கா தேச்சுட்டேன். எம்மகன் என்ன சொல்ல வந்தானோ தெரியல. திருப்பி அடிச்சா எடுக்கல.

பயமா இருக்கு தாயி. ஒளிக்க என்ன இருக்கு, பயமாத்தான் இருக்கு. எம்மருமகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. நெறமாசம். இன்னும் நாள் கெடக்குன்னுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தாக. இன்னைக்கு விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு வந்து, அத்தை தலை வலிக்குது, கண்ணு மங்கலாத் தெரியுதுங்கிறா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஊரு நர்சம்மா வந்து கையில பட்டையக் கட்டி பிரசரு பாத்தாக. பாத்ததும் அவுக மொகமே மாறிப்போச்சு. என்னம்மா என்னம்மான்னு கேக்குறேன். நூத்தியெட்டுக்குப் போனு போட்டுட்டாக. அது வர்றதுக்குள்ள நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். வண்டியில கூட ஒரு ஆளுதான் ஏறலாம்னுட்டாக. மகன் ஏறிட்டான். நான் இந்தப் பஸ்ஸுக்கு நின்னேன்.

இவன் ஏன் நிறுத்துறான்? யாரும் கை காட்டலையே. ஓ, இறங்குறாகளா. இறங்கட்டும், இறங்கட்டும். மூட்டைய மெதுவா இறக்குங்க, நமக்கென்ன அவசரம்!

ஆமா, எங்க ஊருக்கு இது ஒண்ணுதான் பஸ்ஸு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அதான் ரயிலு வரப்போகுதாமேங்கிறியா? உனக்கும் தெரிஞ்சு போச்சா? அந்த ரயிலு பேச்சை எடுக்காத தாயி. சரி, எடுத்துட்ட. பேசிக்கிட்டு இருந்தாலாவது படபடப்பு அடங்குதான்னு பாப்போம்.

தை மாசம், முக்காலியும் கண்ணாடியுமா நாலஞ்சு பேரு வந்து காடெல்லாம் அளந்தாக. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச கல்லா நட்டுக்கிட்டே போனாக. பொறகு பஞ்சாயத்து ஆபீசுல நோட்டீசு ஒட்டினாக. புதுசா ரயில் பாதை வரப்போகுது, ஊர்க்காரங்க கருத்தைக் கேக்கணும், எல்லாரும் வாங்கன்னு. ஊரே தலைகால் புரியாம ஆடுச்சு. ரோட்டோரம் அரைக் குழி நெலம் வச்சிருந்தவன்கூட காலு மேல காலு போட்டு உக்காந்துட்டான். எனக்கு மட்டும் பிடிக்கல.

ஏன்னு கேளு. எனக்கு ரெண்டு மகன். மூத்தவன் திருப்பூருக்குப் போனான். பொங்கலுக்கு வந்துருவேம்மான்னு பஸ்ஸு படியில நின்னுக்கிட்டுச் சொன்னான். இப்பப் பொங்கலுக்குப் போனுதான் வருது. இளையவன் சீனிராஜுதான் கூட இருக்கான். ஆடு இருக்கு, கொஞ்சம் கரிசக்காடு இருக்கு. அவனுக்கு வாச்சவ டவுனுக்காரி. நாகஜோதின்னு பேரு. மருந்துக் கடையில வேலை பாத்தவ, மாத்திரைப் பேரெல்லாம் இங்கிலீசுல படிப்பா. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறேன்னு நின்னா. பஸ்ஸு வந்தாலும் வரும் வராமயும் இருக்கும், நீ எப்படித்தா போய்ட்டு வருவன்னு நான்தான் நிறுத்தினேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் மறுபேச்சுப் பேசல. இப்ப ரயிலு வந்து வாசல்ல நின்னா நான் எதைச் சொல்லி நிறுத்துறது? இன்னைக்கு வேலைக்குப் போவா, நாளைக்கு அங்கேயே வீடு பாப்பா, மறுநாளு எம்மகன் ஆட்டை வித்துப்புட்டுப் பின்னாலயே போவான். நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்தப் பயந்தான் தாயி. வேற என்ன?

மனுசங்ககிட்டச் சொன்னா சிரிப்பாக. அதான் ஆத்தாகிட்டச் சொன்னேன். எங்க ஊருல ஒண்ணு வேணும்னா மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி மாடத்துல வச்சிருவோம். நடந்துச்சுன்னா எடுத்துக்கிட்டுப் போயி காளியாத்தா உண்டியல்ல போடணும். நடக்குற வரைக்கும் அவுக்கக்கூடாது. நானும் ஒரு காச எடுத்து, ஆத்தா, எங்க ஊருல ரயிலு நிக்கக்கூடாது, மத்த ஊருல நின்னா நின்னுட்டுப் போகட்டும்னு சொல்லி இறுக்கி முடிஞ்சு வச்சேன்.

ரெண்டு நாளு கழிச்சு வெளக்குப் பொருத்தப் போறேன், என் முடிச்சுப் பக்கத்துல இன்னொரு முடிச்சு இருக்கு. யாரு முடிஞ்சிருப்பா? நாகஜோதிதான். எனக்குப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஏன்னா, அதுக்கு முந்தின வருசம் அவளுக்கு ஒரு புள்ள தங்காமப் போச்சு. ஏழாம் மாசம். அதுக்குப் பொறகு ஒண்ணும் உண்டாகல. புள்ள வரம் கேட்டு முடிஞ்சிருக்கா பாரு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாம சாமிகிட்டச் சொல்லியிருக்கா பாருன்னு நெனச்சேன். கேக்கல. நேந்துகிட்டதைக் கேக்கக்கூடாது, பலிக்காதும்பாக.

மாசியில கூட்டம் போட்டாக. பள்ளிக்கூடத்து மைதானத்துல பந்தலு, நாற்காலி, மைக்கு, ஆளுக்கொரு வடை, டீ. ஒரு அதிகாரியம்மா வந்திருந்தாக. தன்மையானவுக, ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. திரையில படம் காட்டினாக. டவுனுக்கு அரைமணி நேரத்துல போயிரலாம், பருத்தியும் காய்கறியும் ஏத்தலாம், புள்ளைக காலேஜுக்குப் போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு ஒவ்வொண்ணாச் சொன்னாக. சொல்லச் சொல்ல சனம் கைதட்டுது. சாயங்காலம் வந்துரலாமாம்! போனவன் வருவானா? மூத்தவன் வந்தானா?

யாருக்கும் ஆட்சேபணை உண்டுமான்னு கேட்டாக. ஒருத்தரும் எந்திரிக்கல. நான் எந்திரிச்சேன். மைக்கைக் கையில குடுத்தாக. விட்டாப் போச்சேன்னு பிடிச்சுக்கிட்டேன். "அம்மா, எங்க ஆட்டுக்கு மேய்ச்சக்காடு அந்தப் பக்கந்தான் இருக்கு. ஆட்டுக்குத் தண்டவாளம் தெரியுமா, ரயிலு தெரியுமா? கூட்டங்கூட்டமாச் சாகும். சித்திரையில எங்க ஆத்தா சப்பரம் போற பாதையும் அதுதான். ரயிலுக்காக ஆத்தா கேட்டுல நிப்பாளா?"ன்னேன். அம்புட்டுத்தான், அதுவரைக்கும் ரயிலுக்குக் கைதட்டின சனமே இப்ப எனக்குக் கைதட்டுது! ஆத்தா பேரைச் சொல்லிட்டேனில்ல. அதிகாரியம்மாவும் தலையாட்டிக்கிட்டே எழுதினாக. என் மனசுல இருந்த காரணத்தை மைக்குல சொல்ல முடியுமா? மருமக போயிருவான்னு பயமா இருக்குன்னு சொன்னா ஊரு சிரிக்காது?

நான் உக்காரப் போறேன், பின்னாலருந்து ஒருத்தி மைக்கைக் குடுங்கங்கிறா. திரும்பிப் பாத்தா நாகஜோதி.

"எங்க அத்தை சொன்னது ரெண்டும் சரிதான். ஆட்டுக்குப் பேச ஆளு இருக்கு, சப்பரத்துக்குப் பேச ஆளு இருக்கு. எனக்கு ஏழு மாசத்துல ஒரு புள்ள இருந்துச்சு. பஸ்ஸு போனதுக்கப்புறம் வலி எடுத்துச்சு. குட்டியானை வண்டியில தக்காளிக் கூடைக்கு நடுவுல படுக்கவச்சுக் கொண்டு போனாங்க. ஓடைப்பாலத்துக்கிட்டப் போறப்போ வயித்துல அசைவு நின்னுபோச்சு. அதையும் எழுதிக்கோங்கம்மா"ன்னா.

அழுகல. சத்தம் போடல. மைக்கைக் குடுத்துட்டு உக்காந்துட்டா. அதிகாரியம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாக.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே சொல்லு. வீட்டுல நடந்ததை மைக்குல சொல்லலாமா? நாலு பெத்தவ நானு, ரெண்டுதான் நின்னுச்சு. மத்த ரெண்டும் போனதை நான் எந்த மைக்குல போயிச் சொன்னேன்? அதுலயும் அவ சொன்னது பொய்யி. பஸ்ஸு போனதுக்கப்புறமா வலி எடுத்துச்சு? காலையிலேயே எடுத்துச்சு. அப்ப பஸ்ஸு வந்து நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கிளம்பட்டுமா அத்தைன்னா. சூட்டு வலியா இருக்கும், பொறுத்துப் பாப்போம்னு நான்தான் சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்துப் படுக்கவச்சேன். நாலு பெத்தவளுக்குத் தெரியாதா? அம்புட்டுப் பேருக்கு முன்னால ஏன் இப்படி மாத்திச் சொன்னான்னு எனக்கு வெளங்கவே இல்ல. ஒரு மாசம் அவகூட நான் பேசல.

போனு அடிச்சுச்சா? இல்லையா? உன்னோடதா. சரி, சரி, பேசு.

பேசிட்டியா? எங்க விட்டேன்? ஆங். பேசல, ஒரு மாசம் பேசல. பங்குனி முடியப்போற நேரத்துல ஒரு நாளு வாந்தி எடுத்தா. உண்டாயிருக்கான்னதும் என் கோவம் போன எடம் தெரியல. தெருவுல போறவுக வர்றவுகளைக் கூப்பிட்டுச் சொன்னேன், எம்மருமக தையில முடிஞ்சா, ஆத்தா பங்குனியில குடுத்துட்டான்னு. அவ சிரிச்சுக்கிட்டே நின்னா. போயி அந்தக் காசை உண்டியல்ல போட்டுட்டு வாத்தான்னேன். "இருக்கட்டும் அத்தை, இன்னும் நிறைவேறல"ன்னா. அதுவும் சரிதான், புள்ள பெறந்த பிறகு போடணும்னு நெனக்கிறான்னு விட்டுட்டேன். ஒரு செவ்வாக்கெழமை அவளுக்குத் தெரியாம அந்த முடிச்சைப் பிரிச்சு, நானும் ஒரு காசைச் சேத்து முடிஞ்சு வச்சேன். பிரிக்கக்கூடாதுதான். ஒரே வேண்டுதலுதானே, ரெண்டு பேரு கேட்டா ஆத்தாவுக்கும் மனசு இறங்குமில்லன்னு செஞ்சேன்.

ரயிலு என்னாச்சுங்கிறியா? ரிப்போர்ட்டு மேல போயிருக்காம். வரும்ங்கிறாக, வராதுங்கிறாக. அதான் என் முடிச்சும் மாடத்துலயே கெடந்துச்சு.

இன்னைக்குக் காலையில கேளு. வலிக்குதுங்கிறாளேன்னு ஓடிப்போயி சுக்கை எடுத்தேன். கையில எடுத்துட்டேன் தாயி. எடுத்துட்டு அவ மொகத்தைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல, என் கையில இருந்த சுக்கைப் பாத்தா. நான் வச்சுட்டு நர்சம்மா வீட்டுக்கு ஓடினேன்.

நூத்தியெட்டு வந்து ஏத்தினாக. நான் மாடத்துல இருந்த அவ முடிச்சை எடுத்துக்கிட்டுப் போயி அவ கையில வச்சு அழுத்தி, "பயப்படாதத்தா, நீ முடிஞ்சது வீண் போகாது, புள்ளையோடதான் வருவ"ன்னேன். அவ அதைப் பாத்தா. பாத்துட்டு, "அத்தை, இது புள்ளைக்கு முடிஞ்சது இல்ல. ரயிலுக்கு"ங்கிறா.

"ரயிலு வரட்டும்னு முடிஞ்சேன். நீங்களே வச்சிருங்க அத்தை"ன்னு திருப்பி என் கையில குடுத்துட்டா. கதவைச் சாத்திட்டாக. வண்டி போயிருச்சு.

சிரிக்கிறியா? சிரி. இன்னொரு நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். மைக்குல ரயிலு வேணும்னு சொன்னவ சாமிகிட்டயும் அதையே கேப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளை முடிஞ்சா புள்ளைக்குத்தானே முடிவா? அவ முடிஞ்சிருக்கான்னு நம்பி நான் தனியா முடியல. நான் முடிஞ்சது ரயிலு வேண்டாம்னு, அவ முடிஞ்சது ரயிலு வேணும்னு. இந்த ஒன்பது மாசமும் வயித்துல இருக்கிற அந்தச் சீவனுக்குன்னு அந்த வீட்டுல ஒருத்தரும் ஒரு காசு முடியல தாயி! நான் சேத்த காசு இருக்கு, மனசுல புள்ளைய நெனச்சுத்தான் சேத்தேன். ஆனா சேத்தது ரயிலு முடிச்சுலல்ல? ஆத்தா மனசைப் பாப்பாளா, முடிச்சைப் பாப்பாளா? நீ படிச்ச புள்ளைதானே, சொல்லு. ஒரே வீட்டுல இருந்து ஒரு முடிச்சு வேண்டாங்குது, ஒரு முடிச்சு வேணுங்குது. இதுக என்னை வச்சு வெளையாடுதுகளான்னு ஆத்தாவுக்குக் கோவம் வந்தா? கோவத்தை யாரு மேல காட்டுவா?

அந்தா பாரு, காட்டுக்குள்ள மஞ்சக் கல்லு தெரியுதா? அதுதான் அளந்துட்டுப் போனது. நேராப் போகுது பாரு, நூலு பிடிச்ச மாதிரி டவுனுக்கே போகுது. நம்ம பஸ்ஸு இன்னும் ரெண்டு ஊரைச் சுத்திக்கிட்டுல்ல போகணும். அரைமணி நேரம்னு அந்த அம்மா சொன்னாக. இந்நேரம் நான் அங்க போயி அவ தலைமாட்டுல உக்காந்திருப்பேன். இல்ல, அவதான் இந்நேரம்... விடு. எதையாவது சொல்லிப்புடப் போறேன்.

ஓடைப்பாலம் வந்துருச்சா? வருதா? நான் வெளிய பாக்க மாட்டேன். நூத்தியெட்டும் இதைத் தாண்டித்தான் போயிருக்கும். அவ வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு, பாலம் வருதுன்னு குலுக்கல்லயே தெரிஞ்சுருக்கும் அவளுக்கு. வயித்துல கைய வச்சுப் பாத்திருப்பா. என்னைப் பிடிச்சுக்க தாயி. தாண்டினதும் சொல்லு.

தாண்டிருச்சா.

அன்னைக்கு அவ ஏன் மாத்திச் சொன்னா தெரியுமா? இப்பத்தான் எனக்குப் படுது. வலி காலையிலேயே எடுத்துச்சுன்னு சொல்லியிருந்தா, அப்ப ஏன்மா பஸ்ஸுல போகலன்னு அந்த அம்மா கேட்டிருப்பாக. ஊரே என்னைத் திரும்பிப் பாத்திருக்கும். கேட்டுரக் கூடாதுன்னு பஸ்ஸு மேல போட்டுட்டா. நான் ஒரு மாசம் அவகிட்டப் பேசல தாயி. சோத்தை வச்சுட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவேன்.

இந்தா, இதைப் பிடி. சுருக்குப்பையில ரெண்டு முடிச்சும் இருக்கு, கிளம்புறப்ப என்னோடதையும் மாடத்துல இருந்து எடுத்துக்கிட்டேன். பெருசா இருக்கிறது அவளுது, அதைத் தொடாத, அது அப்படியே இருக்கட்டும். இது என்னோடது. இதை அவுத்துவிடு. நடக்காத வேண்டுதலை அவுக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆத்தா என்னைத் தண்டிக்கட்டும், கண்ணைப் பிடுங்கட்டும், காலை முடக்கட்டும். இந்தக் காசை எடுத்து அவ முடிச்சோட சேத்துப்புடுறேன். ரயிலுக்குன்னா ரயிலுக்கு. வரட்டும். என் வாசல்லயே வந்து நிக்கட்டும். எம்மகனையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போகட்டும், நான் வந்து டாட்டா காட்டுறேன். அவ ஏறிப் போறதுக்கு உசுரோட இருக்கணும், அம்புட்டுத்தான். வயித்துல கெடக்குறது அழுதுக்கிட்டு வெளிய வரணும்.

என்னத்தா, அவுக்க வரலையா? நல்லாப் பாரு. பல்லு வச்சு இழுத்துப் பாரு. நான்தான் முடிஞ்சேன், கிழவி கை என்னத்த இறுக்கியிருக்கும்?

அய்யோ, போனு அடிக்குது. என்னோடதுதான். சீனிராஜு பேருதானா வருது? எடுக்காத! இரு, எடுக்காத. முதல்ல இந்த முடிச்சை அவுரு தாயி. அவுரு. அவுந்துச்சா? இரு, காசைக் குடு, அவ முடிச்சோட சேத்துக்கிறேன். ஆத்தா, அவ கேட்டதையே குடு.

ம். இப்ப எடு.